கன்றுக்குட்டி விசில்

அத்தியாயம் 6

விசிலைத் திருடுகிறவன் அதை ஊத முடியாது. ஊதினால் அகப்பட்டுக்கொள்வான். ஊதாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ள எவனாவது விசில் திருடுவானா? பைன் ஹாலோ குட்டி ரயில் திருவிழாவில், சனிக்கிழமைக் காலையில், துப்பறியும் தெல்மா லண்டீனின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான்.

அவளுடைய உதவியாளன் டெஸ் ப்ரூவிட்டின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தது பசி. கோடைக்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்து, நீராவி எஞ்சின் ஓட்டும் தொண்டர்களில் ஒருவனாகப் பெயர் கொடுத்து, நெஞ்சிலிருந்து கால் வரை ஒரே உடுப்பாகத் தைத்த கோடு போட்ட புது மேலங்கி வாங்கி மாட்டிக்கொண்டு, விடியலில் வந்து கரி அள்ளியவன் அவன். இன்றுதான் முதல் ஓட்டம். அதற்குள் திருட்டு.

"பாஸ், நாம ஒரு நாள் லீவு எடுத்தா அன்னிக்குன்னு பார்த்து ஊர்ல எவனாவது கை வைக்கிறான். பேசாம வருஷம் பூரா லீவு எடுப்போம், வேலை குவியும்" என்றான்.

"வாய மூடிட்டு வா."

ஒரு சாண் அகலத் தண்டவாளம். முழங்கால் உயர எஞ்சின். பார்க்கத்தான் பொம்மை, உள்ளே நிஜக் கரி, நிஜ நெருப்பு, தொட்டால் நிஜக் கொப்புளம். ஓட்டுகிறவர் கரிப்பெட்டியின் மேல் முழங்கால் காதை இடிக்க உட்கார்ந்து, பின்னால் ஒரு பெட்டி நிறையப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவார். தம்பிடி சம்பளம் கிடையாது. ஆனால் அவருடைய எஞ்சினில் வேறொருவர் விரல் பட்டால் கொலை விழும்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் ஆர்லோவின் விசிலைக் காணவில்லை.

ஆர்லோ ஹூக்ஸ்ட்ரா போன ஏப்ரலில் காலமானவர். முழங்கை நீளத்துக்கு மூன்று பித்தளைக் குழல்களை ஒன்றாகக் கட்டி அந்த விசிலை அவரே செய்தார். மூன்றாவது குழலை வெட்டும்போது கை சறுக்கிவிட்டது. அதனால் அது பசியெடுத்த கன்றுக்குட்டி மாதிரிக் கத்தும். நாற்பது வருஷமாக ஊரே கிண்டல் பண்ணியும் அவர் அதை மாற்றவில்லை. கீச்சென்று அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஆர்லோ வருகிறார் என்று கடைக்காரர்கள் கோப்பையை எடுத்து வைப்பார்கள்.

இன்று இரண்டு மணிக்கு ஆர்லோவின் வழியனுப்பு ஓட்டம். இறந்தவரின் எஞ்சின் மட்டும் தனியாக ஒரு சுற்று வரும். மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். கருவாலி மரத்து வளைவில் அந்த எஞ்சின் கடைசியாக ஒரு முறை விசில் ஊத, மற்ற எல்லா எஞ்சின்களும் சேர்ந்து பதில் ஊத வேண்டும். பதில் வாங்காமல் இதுவரை எந்த எஞ்சின்காரரும் திருவிழாவை நடத்தும் கிளப்பை விட்டுப் போனதில்லை. நாளைக் காலையில் எஞ்சின் மொன்டானாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு லாரி ஏறுகிறது. இன்று விட்டால் இல்லை.

"ஊமை எஞ்சினை நான் ஓட்ட மாட்டேன்" என்றாள் வெர்னா. ஆர்லோவின் மனைவி. எழுபது வயது. கணவரின் மேலங்கியைக் கால் மடித்துப் போட்டுக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் குந்தியிருந்தாள். விசில் இருந்த இடத்தில் வெறும் குழாய் வாய் பிளந்துகொண்டு நின்றது. "க்ளெம்தான் எடுத்தான். வேற எவன் எடுப்பான்? எஞ்சினை எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு ஆறு மாசமா என் உயிர வாங்கினான். மகளுக்குன்னு சொல்லிட்டேன். கிடைச்ச வரைக்கும் லாபம்னு விசிலக் கழட்டிட்டுப் போயிட்டான்."

"எப்ப போச்சு?" என்று கேட்டாள் தெல்மா.

"காலையில ஓட்டுநர் கூட்டம் நடந்தப்ப. எல்லாரும் கொட்டகைக்குள்ள இருந்தோம். வெளிய வந்து பார்த்தா விசில் இல்ல."

"கூட்டத்துக்கு யார் யார் வரல?"

"க்ளெம் ஒருத்தன்தான். மத்தபடி எல்லாரும் இருந்தாங்க. எங்கடா போனேன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். ரெண்டு மணிக்குள்ள விசில் வரலேன்னா அவன் பேட்ஜைப் பிடுங்கிட்டு வெளிய அனுப்பறதா தலைவர் சொல்லிட்டார்."

டெஸ் அதை நம்பவில்லை. க்ளெம்தான் அவனுக்கு எஞ்சின் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வாய் கெட்ட மனிதர்தான், ஆனாலும் திருடர் இல்லை.

பேச்சை மாற்றுவதற்காக, "மேலங்கி பளபளன்னு இருக்கே வெர்னாம்மா. சோப்புக் கம்பெனிக்காரன் பார்த்தா படம் எடுத்துட்டுப் போயிருவான்" என்றான்.

வெர்னாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "இதைத் துவைச்சுத் துவைச்சு என் விரலே தேஞ்சு போச்சுப்பா, அவ்வளவு கரி. ஆனா கடைசி ரெண்டு வருஷம் எனக்கு முட்டிவலி, இங்க நான் வர்றதே இல்ல. அப்ப பாரு, மனுஷன் அவ்வளவு சுத்தம்! புதன்கிழமை ஆனா பாய்லர் கழுவப் போறேன்னு கிளம்புவார். போன மாதிரியே திரும்பி வருவார், ஒரு பொட்டுக் கரி இருக்காது. வயசானா ஆம்பிளைக்கும் பக்குவம் வரும்னு தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்."

"உடம்புக்கு என்ன வந்தது அவருக்கு?"

"நுரையீரல்னாங்க. மூணே வாரம். அதுவரைக்கும் கல்லு மாதிரி இருந்தார். கொஞ்சம் இருமுவார். கரி தின்னவன் இருமாம பாட்டா பாடுவான்?"

தெல்மா வாயிலிருந்த இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். அவள் அப்படிச் செய்தால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்று டெஸ்ஸுக்குத் தெரியும். என்ன என்றுதான் தெரியாது. ஏழு வருஷமாக இதே பிழைப்பு.

க்ளெம் டொம்ப்ராவ்ஸ்கி கரிக்கிடங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்கத் திருடன் என்று சொல்லியும் வாயைத் திறக்காத மனிதர், இவர்களைப் பார்த்ததும் திறந்தார். "போடா டெஸ். போய் வேற வாத்தியாரைத் தேடு."

"உங்க மீசையில என்ன க்ளெம்?" என்றாள் தெல்மா.

க்ளெம் கை சட்டென்று மீசைக்குப் போனது. "நரை."

"நரை இனிக்குமா பாஸ்?" டெஸ் குனிந்து பார்த்தான். "வெள்ளைச் சர்க்கரைப் பாகு! நம்ம டென்ட்ல காலையிலேர்ந்து கறுப்புக் காப்பியும் கல்லு மாதிரி டோனட்டும்தானே? கடிச்சுப் பார்த்து ஒரு பல்லு ஆடுது எனக்கு. இவருக்கு மட்டும் பாகு எங்கேர்ந்து வந்துச்சு?"

க்ளெம் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசித் தொலைங்க. வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன்."

"டீசல்காரங்க டென்ட்டுக்கா?"

"ரூடி பொண்டாட்டி சினமன் ரோல் சுடுவா. சுடச்சுட. நான் என்ன மரக்கட்டையா?" க்ளெம் தலையில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷ நீராவிக்காரன் புல்வெட்டிக்காரன் டென்ட்ல போய் ரொட்டிக்குக் கை நீட்டினான்னு இவனுங்களுக்குத் தெரிஞ்சா, நான் செத்தா என் எஞ்சினுக்கு ஒருத்தன் பதில் ஊத மாட்டான். அதுக்குத் திருடன்னே பேர் வாங்கிட்டுப் போறேன்."

நீராவிக்காரர்களுக்கு டீசல்காரர்கள் மனிதர்களே இல்லை. டீசல் என்பதே பேச்சுக்குத்தான். தகர மூடிக்கு உள்ளே இருப்பது புல் வெட்டும் மெஷினின் மோட்டார். அவர்களைத் தனியாக ஒதுக்கி நடுவில் வேலி போட்டது யார் என்றால், சாட்சாத் ஆர்லோ. தீ இல்லாதது எஞ்சின் இல்லை, பெட்டி என்பது அவர் வாக்கு.

"சரி, அந்த விசிலை எடுத்து நான் என்ன காதுலயா மாட்டிக்குவேன்?" க்ளெம் பொரிந்தார். "ஆர்லோகிட்ட குழாயில திருகு மரை வெட்டுறதுக்கு அவன் தாத்தா காலத்துக் கட்டை ஒண்ணு இருந்துச்சு. அதுல வெட்டுற மரை உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அவன் போட்ட மரை அவன் போட்ட மரையிலதான் ஏறும். என் எஞ்சின்ல அந்த விசில் உக்காரவே உக்காராது. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை எல்லாம் அவன் எஞ்சினை ஓட்டினது நான்தான், எனக்குத் தெரியாதா?"

தெல்மாவின் மிட்டாய் மறுபடியும் கன்னம் மாறியது. "நீங்க ஓட்டினீங்களா? ஆர்லோ?"

"பெஞ்சுல உக்காந்து திட்டுவான். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கமா உக்காந்துக்குவான். கேட்டா மேற்பார்வையாம்."

"காலையில அந்த டென்ட்ல ரூடி இருந்தாரா?"

"இல்ல. எஞ்சினுக்குக் காத்து பிடிக்கப் போயிருக்கான்னா அவன் பொண்டாட்டி."

"பாஸ்," என்றான் டெஸ், "கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்கன்னாங்களே வெர்னாம்மா."

"எல்லாரும்னா நீராவிக்காரங்க எல்லாரும். டீசல்காரங்க எத்தனை பேர் வந்தாங்கன்னு கேளேன்."

க்ளெம் உண்மையாகவே திகைத்தார். "அவனுங்களை யார் கூட்டத்துக்குக் கூப்பிட்டா?"

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் ஒரு டீசல் ஊதியது. தடித்த, அடித்தொண்டைச் சத்தம். காலையிலிருந்து சுற்றுக்கு நாலு முறை கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான்.

டெஸ் பெருமூச்சு விட்டான். "பாருங்க கொடுமைய. நாம இங்க கன்னுக்குட்டியத் தேடுறோம், அங்க அதோட அம்மா நின்னு கதறுது."

தெல்மா நின்றாள். "என்ன சொன்ன?"

"சும்மா சொன்னேன் பாஸ். பசி மயக்கம்."

"திருப்பிச் சொல்லு."

"அதோட அம்மா கதறுதுன்னேன். ஏன், அதுக்கும் கேஸ் போடுவாங்களா?"

தெல்மா கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முணுமுணுத்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறவள். டீசல் மறுபடியும் ஊதியது. அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஒண்ணு சரி. ரெண்டு சரி. மூணாவது தப்பு. ஆர்லோ சறுக்கின அதே சறுக்கல்."

"ஆனா அது கீச்சுன்னு இருக்கும். இது எருமை மாதிரி இருக்கே."

"சர்ச்ல குளிர்காலத்துல ஹீட்டர் கெட்டுப்போன அன்னிக்கு ஆர்கன் வாசிச்சா என்ன ஆகும்? சுருதி இறங்கிடும். காத்து குளிர்ந்தா குழல் தொண்டை கட்டிக்கும். கொதிக்கிற ஆவியில கத்துனா கன்னுக்குட்டி. அதே குழலை, டீசல்காரன் ஹாரன் ஊத வச்சிருக்கிற காத்துத் தொட்டியில மாட்டிப் பாரு."

"கன்னுக்குட்டியோட அம்மா," என்றான் டெஸ் பக்தியோடு.

க்ளெம் வாயைப் பிளந்தார். "அடப்பாவி! காலையிலேர்ந்து என் காதுகிட்டயே கத்துதே. டீசல்தானேன்னு நான் திரும்பிக்கூடப் பார்க்கல!"

"அதுதான் திருடனுக்குக் கிடைச்ச நல்ல பூட்டு" என்று சொல்லிக்கொண்டே தெல்மா வேலியைத் தாண்டினாள்.

ரூடி போஸ்பிஷில் என்ற அந்த டீசல்காரர் ஓடும் ரயிலில் இருந்தார். இறங்கச் சொல்லிக் காத்திருக்க நேரமில்லை. அடுத்த சுற்றில் வரிசையில் நின்று ஏறினார்கள். தெல்மா ஓட்டுநருக்கு நேர் பின்னால். அவளுக்குப் பின்னால் ஆறடி இரண்டங்குல டெஸ், கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"நீங்க ரொம்பப் பெரிசு. ரயில் உடைஞ்சிரும்" என்று பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எச்சரித்தாள்.

"உடைஞ்சா உன்னைத் தூக்கிட்டு ஓடுறேன் தாயே, கவலைப்படாதே."

ரூடி பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஆரஞ்சு வண்ண டீசல் சோளக்காட்டு ஓரமாக உறுமிக்கொண்டு போனது. தெல்மா முன்னால் குனிந்தாள்.

"விசில் அழகா இருக்கு ரூடி."

ரூடியின் பிடரி சிவந்தது. திரும்பவில்லை. "ரெண்டு மணிக்குள்ள திருப்பி வச்சிருவேன்" என்றார்.

"எடுத்தேன்னு இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்காதீங்க சார்" என்றான் டெஸ். "எங்க பிழைப்பு என்ன ஆகறது?"

தெல்மாவின் கண் விசிலில் இல்லை. விசில் உட்கார்ந்திருந்த குழாயில் இருந்தது. அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சுப் பெயிண்ட். வெயில் பட்டு வெடித்து, வெளிறி, எஞ்சினோடு எஞ்சினாகக் கலந்துபோன பழைய பெயிண்ட்.

"இந்தக் குழாய் இன்னிக்கு வச்சது இல்ல," என்றாள். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல ஆர்லோ விசில் ஒழுங்கா ஏறி உக்காந்திருக்கு. அப்படின்னா அது ஆர்லோ மரை. சாவியைத் திருடுறவன் உண்டு ரூடி. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பூட்டு செஞ்சு வாங்கி வச்ச திருடன் உண்டா? இதை உங்களுக்கு ஆர்லோவே செஞ்சு குடுத்திருக்கார்."

பாலம் வந்தது. பிள்ளைகள் கத்தின.

"ஒவ்வொரு புதன்கிழமையும் வருவான்" என்றார் ரூடி கடைசியில். "ரெண்டு வருஷம். புதன்கிழமை இங்க யாரும் இருக்க மாட்டாங்க, நாங்கதான் தண்டவாளம் சரி பண்ணிட்டு இருப்போம். முதல் தடவை வந்து அந்த வேலிகிட்டயே நின்னான். கரிப்புகை பட்டாலே மூச்சு நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாராம். வெர்னாகிட்டச் சொன்னா வீட்டை விட்டு விட மாட்டா, அழுதே செத்துருவான்னான். அப்புறம், 'ரூடி, உன் புல்வெட்டியில ஒரு ரவுண்டு உக்காரலாமா'ன்னு கேட்டான். இருபது வருஷமா என்னை 'ஏய்'னுதான் கூப்பிட்டிருக்கான். அன்னிக்குத்தான் பேரைச் சொன்னான்."

டெஸ்ஸுக்கு ஒரு ஜோக் தொண்டை வரை வந்தது. அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதை விழுங்கினான்.

"அப்புறம் விசிலையும் கொண்டாந்து மாட்டுவான். ஊதிக்கிட்டே மூணு ரவுண்டு, நாலு ரவுண்டு. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணான். 'எனக்கு வழியனுப்பு நடக்கிற அன்னிக்கு உன் எஞ்சின்லயும் ஒரு தடவை ஊதிடுடா, வெர்னாவுக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னான். கேட்டு வாங்கணும்னா காரணம் சொல்லணும். அதான் கூட்டம் நடக்கும்போது எடுத்து, ஒரு தடவை ஊதிட்டு, கூட்டம் முடியறதுக்குள்ள வச்சிரலாம்னு பார்த்தேன்."

"ஏன் வைக்கல?"

"கூட்டம் எப்பவும் ஒரு மணி நேரம் இழுக்கும். இழுக்கிறது ஆர்லோதான். இந்த வருஷம் அவன் இல்லையே, சீக்கிரம் முடிஞ்சு போச்சு. நான் போறதுக்குள்ள எஞ்சினைச் சுத்திக் கூட்டம்."

"சரி, ஒரு தடவை ஊதணும்னா? காலையிலேர்ந்து ஊரைக் கூட்டிட்டு இருக்கீங்களே!" என்றான் டெஸ்.

ரூடி மூக்கை உறிஞ்சினார். "கை நிக்கல. பசங்க இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கேட்டுச்சு."

"அங்க க்ளெம்மைத் திருடன்னு வெளிய அனுப்பப் போறாங்க. தெரியுமா?" என்றாள் தெல்மா.

ரூடி முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். ரயில் கிட்டத்தட்டத் தடம் புரண்டது. "ஐயோ! தெரியாதே. இந்தப் பக்கம் வந்து எங்ககிட்ட யார் சொல்றா?"

திரும்பி வரும்போது டெஸ் விசிலை மேலங்கிக்குள் ஒளித்து வைத்திருந்தான். "பாஸ், புல்லுல கிடந்துச்சுன்னு சொல்லிருவோம். லூசா இருந்து கழண்டு விழுந்துருச்சு. க்ளெம்மும் தப்பிச்சார், அந்த மனுஷன் ரகசியமும் தப்பிச்சது."

பொய் என்றால் எட்டிக்காயாகக் கசக்கும் தெல்மாவுக்கு. ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். "நீயே சொல்லு. உனக்குத்தான் அது சரளமா வரும்."

டெஸ் சொன்னான். புல், பள்ளம், லூசான நட்டு, கூட ஒரு அணிலையும் சேர்த்துக்கொண்டான். வெர்னா விசிலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள். அப்புறம் அதைத் தலைகீழாகத் திருப்பி மரையில் நகத்தை விட்டாள். நகக்கண்ணில் ஆரஞ்சுத் துகள்.

"அணில் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு வந்துச்சா?" என்றாள்.

டெஸ் அணிலைத் தேடுகிறவன் மாதிரி மரத்தைப் பார்த்தான்.

"இங்க ஆரஞ்சு எஞ்சின் ஒண்ணே ஒண்ணுதான். அந்த புல்வெட்டி ரூடியோடது. அவன் எஞ்சின்ல இது எப்படி ஏறும்? இந்த மரையை ஆர்லோ ஒருத்தர்தானே..." வெர்னா பாதியில் நிறுத்தினாள். குனிந்து, தான் போட்டிருந்த மேலங்கியைப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கரியில்லாத நெஞ்சுப் பகுதியை விரலால் நீவினாள்.

"புதன்கிழமை" என்றாள்.

தெல்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாய்லர் கழுவப் போறவன் எப்படி வெள்ளையா வீட்டுக்கு வருவான்? எனக்கு ஏன் தெல்மா தோணல? கரி ஒத்துக்கலையா அவருக்கு? ரெண்டு வருஷமாவா? ரெண்டு வருஷமா மூச்சு முட்டிட்டு எங்கிட்ட..." அவள் குரல் உடைந்தது. "பக்குவம் வந்துருச்சுன்னு பெருமை அடிச்சுக்கிட்டேனே, தெருவெல்லாம்! படுபாவி மனுஷா! எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் கூட இருந்திருப்பேனே!"

அவள் வாய்விட்டு அழுதாள். டெஸ் தன் புதுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரூடியக் கூப்பிடு" என்றாள்.

ரூடி வந்தார். இருபது வருஷத்தில் எல்லாரும் பார்க்க வேலிக்கு இந்தப் பக்கம் அவர் வைத்த முதல் காலடி. செய்தி பரவி நீராவிக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"உன் வண்டியில எப்படி இருந்தார்?" என்று வெர்னா கேட்டாள்.

ரூடி தரையைப் பார்த்தார். "திட்டிக்கிட்டேதான் இருப்பான் வெர்னா. 'இது எஞ்சினாடா, தையல் மெஷின்'னு திட்டுவான். திட்டிக்கிட்டே இன்னொரு ரவுண்டு கேட்பான். சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துரும்."

அழுத கண்ணோடு வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசிலை ரூடியிடம் நீட்டினாள். "போய் உன் வண்டியிலயே மாட்டு. வண்டியைக் கொண்டாந்து என் எஞ்சினுக்குப் பின்னால கோத்து விடு. வளைவுல நீ ஊதணும்."

கிளப் தலைவர் தொண்டையைச் செருமினார். "வெர்னா, டீசல் வேலியைத் தாண்டக் கூடாது. ஆர்லோவே போட்ட விதி அது."

"ஆர்லோவே தாண்டியாச்சு. நீ வழிய விடு."

தலைவர் வழியை விட்டார்.

"நில்லு," வெர்னா கூட்டத்தில் க்ளெம்மைக் கண்டுபிடித்தாள். "உன்னைத் திருடன்னுட்டேன். தப்புதான். ஆனா நீ அப்ப எங்கடா போயித் தொலைஞ்ச?"

க்ளெம் தலைவரைப் பார்த்தார், ரூடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "டீசல் டென்ட்ல சினமன் ரோல் தின்னுட்டிருந்தேன்!" என்று கத்தினார். "மூணு! போதுமா?"

திருட்டைக் கேட்டுக்கூட அப்படி வாயடைத்துப் போகாத கூட்டம் இதைக் கேட்டு அடைத்துப் போனது.

இரண்டு மணிக்கு எல்லா எஞ்சின்களும் நின்ற இடத்தில் நின்றன. டெஸ் க்ளெம்முடைய எஞ்சினில் கரி அள்ளும் இடத்தில் இருந்தான். ஆர்லோவின் எஞ்சின் ஆர்லோவின் தொப்பியைப் புகைபோக்கிக்கு முன்னால் மாட்டிக்கொண்டு புறப்பட்டது. வெர்னா கரி போட்டுப் போட்டு ஓட்டினாள். புகை அவள் முகத்துக்கு நேராக அடித்தது. பின்னால் ஆரஞ்சு டீசல், அதில் கூனிக் குறுகி ரூடி.

கருவாலி மரத்து வளைவில் ரூடி ஊதினார்.

தடித்த, தொண்டை கட்டின சத்தம். ஒன்று சரி, இரண்டு சரி, மூன்றாவது தப்பு.

யாரும் பதில் ஊதவில்லை. ஒவ்வொருவர் கையும் விசில் கயிற்றில் இருந்தது, ஒருவரும் இழுக்கவில்லை. டீசலுக்குப் பதில் ஊதிப் பழக்கமில்லை அவர்களுக்கு. வெர்னா திரும்பிப் பார்க்காமல் முதுகை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்க்க டெஸ்ஸுக்குத் தாங்கவில்லை.

"க்ளெம்" என்றான்.

"தெரியுதுடா." க்ளெம்மின் மீசை நடுங்கியது. "அவன்தான். தொண்டை கட்டியிருக்கு, அவ்வளவுதான். கயித்தை இழு."

"நானா?"

"நீதான். என் கண்ணு சரியில்ல இப்ப. இழுடா."

டெஸ் இழுத்தான். எஞ்சின்காரனாக அவன் ஊதிய முதல் விசில் அது. அடுத்த மூச்சில் பக்கத்து எஞ்சின், அதற்கடுத்தது, பிறகு தலைவரே, பிறகு திடல் முழுக்க. சத்தம் அடங்கப்போகும் நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து டீசல்கள் ஒவ்வொன்றாக ஊத ஆரம்பித்தன. அவற்றை ஊதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

சுற்று முடிந்து வெர்னா இறங்கினாள். முகம் கரி, கை கரி, மேலங்கியின் நெஞ்சிலிருந்து முட்டி வரை கரி. டெஸ் ஓடிப்போய் ஈரத்துணியை நீட்டினான்.

"துடைச்சுக்குங்க வெர்னாம்மா. மொத்தமும் பாழாப் போச்சு."

வெர்னா தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். துணியை வாங்கி முகத்தை மட்டும் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மேலங்கி இருக்கட்டும்பா" என்றாள். "வீட்டுக்குப் போய் நான் துவைக்கணும்."